பாதித் தண்ணி வரைக்கும்

— பலாபத்வல சந்தியில உங்கட போட்டோவ மாட்டி ஈக்கி, தம்பி. ஆள் ஒசரத்துக்கு. வார நேரம் பஸ்ஸுக்குள்ள எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தாங்க.

— நான் போடச் சொல்லலக்கா.

— நீங்க போடச் சென்னீங்கன்னு நான் செல்லல்லயே. ‘பதினோரு உயிர் காத்த வீரமைந்தன், கண்டக்டர் உதயராஜ்’னு எழுதி ஈக்கி. காப்பாத்தினீங்கதானே, அது பொய் இல்லையே.

— உள்ள வாங்க நூருன்னிஸாக்கா, ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? பாருங்க, இந்த மனுஷன் உங்கள உக்காரவும் சொல்லாம மரம் மாதிரி நிக்கிறாரு. பிளேன்டீ ஊத்தவா?

— வேணாம் சுபாஷினி. மூணு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும். புள்ளைகள உம்மாட்ட விட்டுட்டு வந்தேன்.

— முத்தலிப் நானா எப்படிக்கா இருக்காரு?

— ரிமாண்டுல எப்படி ஈப்பாங்க? மெலிஞ்சிட்டாரு. பதினாறு வருஷம் லக்கல ரோட்டுல பஸ் ஓட்டின மனுஷன், ஒரு கோழிய அடிச்சதில்ல. இப்ப ரெண்டு பேரக் கொன்ன டிரைவர்னு பேப்பர்ல போடுறான். செத்துப்போன டிலானி டீச்சர்ட அம்மா கடைத்தெருவுல என்னய நிப்பாட்டிக் கேட்டாங்க, வெள்ளத்துக்குள்ள பஸ்ஸ எறக்க உங்க வீட்டுக்காரருக்குப் பைத்தியமான்னு. நான் என்னத்தச் செல்ல?

— பாருங்கக்கா, இவரும் நிம்மதியா இல்ல. சோறு எறங்குறதில்ல. நாளைக்கு டவுன்ல இவருக்குப் பாராட்டு விழா, அதுக்கே போகமாட்டேங்கிறாரு. நான்தான் சொல்றேன், திரும்பத் திரும்ப முங்கி ஆளுகளத் தூக்கின மனுஷன் எதுக்குக் கூச்சப்படணும்னு.

— கூச்சம் இல்ல சுபா. சும்மா இரு.

— தம்பி, ஒண்டு கேக்கத்தான் வந்தேன். அண்டைக்கு அந்தப் பாலத்துக்கு மேலால ஓயா ஆத்துத் தண்ணி ஓடிச்சி. அவர் பஸ்ஸ நிப்பாட்டினாரு. நீங்க எறங்கி முன்னால நடந்து ஆழம் பார்த்தீங்க. அப்படித்தானே?

— ஆமாக்கா. மழ காலத்துல எப்பவும் நான்தான் எறங்குவேன். அந்தக் கரைக்குப் போயி, திரும்பி நின்னு கையக் காட்டுவேன். நான் காட்டின பொறவுதான் நானா பஸ்ஸ எடுப்பாரு.

— அண்டைக்கும் கையக் காட்டினீங்களா?

— சுபா, நீ உள்ள போ.

— ஏன்? நான் எதுக்குப் போகணும்?

— போகாட்டி கேட்டுக்க. அன்னைக்கு நான் அந்தக் கரைக்குப் போகல.

— என்ன சொல்றீங்க?

— பாதி வரைக்கும்தான் போனேன். முழங்கால் தண்ணி. காலுக்கடியில மண்ணு இழுத்திச்சி. சத்தியமா பயந்துட்டேன்க்கா. லக்கலைக்கு அதுதான் கடைசி பஸ்சு. பின்னால எல்லாரும் போங்க போங்கன்னு சத்தம் போடுறாங்க. மிச்சமும் இதே மாதிரிதான் இருக்கும்னு நெனச்சி, நடுவுலயே நின்னு வா வான்னு கையக் காட்டிட்டேன். மழையில நான் எந்த இடத்துல நிக்கிறேன்னு நானாவுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் பாலமே ஒடஞ்சி போயிருந்திச்சி.

— ஐயோ. இத யாருகிட்டயும் சொல்லலதானே? பாருங்க, என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க.

— போலீசுல கேட்டாங்க, டிரைவர் தானாத்தான் எறக்கினாரான்னு. நான் வாயத் தெறக்கல. ஆமான்னு தலைய மட்டும் ஆட்டினேன்.

— தலைய ஆட்டினீங்களா, தம்பி?

— ஆட்டினேன்க்கா. அதுக்கப்பறம் ஊரே கட்டிப் புடிச்சி அழுவுது. கோயில்ல மால போடுறாங்க. கடைசியா நான் டிலானி டீச்சரோட கையத்தான் புடிச்சேன். வளையல்தான் வந்திச்சி, அவுங்க வரல. இந்தக் கையத்தான் எல்லாரும் புடிச்சிக் குலுக்குறாங்க.

— அவருக்குத் தெரியும்.

— யாருக்கு?

— புள்ளைகள்ட வாப்பாவுக்கு. வைப்பர் ஒருக்காத் தொடச்ச நேரம் உங்களக் கண்டிருக்காரு, பாலத்துக்கு நடுவுல. அதுக்குள்ள முன் டயர் ஒடஞ்ச பக்கத்துல எறங்கிட்டுது.

— நானாவுக்குத் தெரியுமா? அப்ப ஏன் அவரு சொல்லல?

— நானும் அதத்தான் கேட்டேன். ரிமாண்டுக் கம்பிக்கு வெளிய நிண்டு சண்டை புடிச்சேன். ‘அவன் நீந்திக் கரைக்குப் போயிருக்கலாம் நூரு, யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. திரும்பித் திரும்பி வந்தான். என்னையும் அவன்தான் இழுத்தெடுத்தான். அவன உள்ள தள்ளிட்டு நான் எப்படி வெளிய நடப்பேன்’னு சென்னாரு.

— நானாவே வேணாம்னுட்டாரே! அப்ப நீங்க எதுக்குக்கா வந்தீங்க?

— அவர் அனுப்பல்ல சுபாஷினி. அவருக்குத் தெரியாமத்தான் வந்தேன். அவர் பெரிய மனசுக்காரர். நான் அப்படி இல்ல. எனக்கு என் புருஷன் வேணும்.

— எனக்கும் என் புருஷன் வேணும்க்கா! தொட்டில்ல கெடக்குறத பாருங்க, மூணு மாசம் ஆகல. இவரு அன்னைக்கு அத்தன பேர எடுத்தாரே, அது கணக்குல இல்லையா?

— ஈக்கி. அதுக்காகத்தான் உங்கட வாசல்ல நிண்டு சத்தம் போடாமப் பேசுறேன். போலீசுக்குப் போகாம மொதல்ல இங்க வந்தேன்.

— போதும் சுபா, அழாத. அக்கா, நான் சொல்லிர்றேன். சத்தியமாச் சொல்லிர்றேன். நாளைக்கு விழாவுல மைக்கு குடுப்பாங்க. பெரிய பெரிய ஆளுகள்லாம் வாராங்க, டீவிக்காரங்களும் வாராங்க. அத்தன பேருக்கு முன்னால சொல்றேன், நான் வீரன் இல்ல, பாதியில நின்னு கையக் காட்டினவன்னு.

— வேணாம் தம்பி. அங்க சென்னா அதுக்கும் கை தட்டுவாங்க. திங்கக்கிழமை அவர்ட வழக்கு, கோட்டுக்கு வாங்க.