வெள்ளைத் தாளாகிப் போன படங்கள்

எண்பதுகளின் கடைசியில் ஒரு மாலை. மலேசியாவில், சுங்கைப்பட்டாணியிலிருந்து பாலிங் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் தமிழ்க் கல்யாணப் பத்திரிகை அடிப்பவள் என்பது பேச்சில் தெரிந்தது. மூத்தவள் அவள் குடியிருக்கும் அதே ரப்பர் தோட்டத்துக்காரி.

“படமெல்லாம் செத்துப்போச்சுக்கா,” என்றாள் இளையவள்.

“என்னா படம்?”

“கம்ப்யூட்டர்ல சின்னச் சின்னதா படம் இருக்கும்லா. பேனா படத்தைத் தட்டுனா எழுதலாம். நேத்து புது டிஸ்க் போட்டாங்க. அப்புறம் பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைத் தாளா நிக்குது.”

“கீழ பேரு இருக்காதா?”

“இருக்கு, இங்கிலீஷ்ல. மலாய்னாகூட தட்டுத்தடுமாறிப் படிப்பேன். இவ்வளவு நாளும் படத்தைப் பார்த்துத்தானே ஓட்டினேன்! எது எதுன்னு தெரியாம நான் முழிச்சதை முதலாளி பின்னால நின்னு பார்த்துட்டாரு.”

“ரிப்பேர் ஆளு வரலையா?”

“காலையிலேயே பினாங்குலேருந்து வந்தாரு. ரெண்டு பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மறுபடியும் ஆன் பண்ணாரு. படமெல்லாம் பழையபடி வந்துடுச்சு. அஞ்சு நிமிஷம்கூட ஆகலைலா.”

“அப்ப நல்லதுதானே?”

“என் நாற்காலியில முதலாளியோட அண்ணன் மக உட்கார்ந்திருக்கு. என்னைத் தாள் மடிக்கச் சொல்லிட்டாங்க.”

பஸ் ஒரு தோட்டத்து முச்சந்தியில் நின்று புறப்பட்டது.

“இங்கிலீஷ் தெரியாதுன்னு சேர்றப்பவே சொல்லியிருக்கலாமே,” என்றாள் மூத்தவள்.

“சொல்லியிருந்தா இந்த ரெண்டு வருஷம் கிடைச்சிருக்குமாக்கா?”

மூத்தவள் இளையவளின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.