கடைசிச் சொட்டும் முதல் பாட்டிலும்

அவையை அணிசெய்யும் நம் தமிழ்ச் சங்கத் தலைவர் ஐயா சூர்யநாராயணன் அவர்களே, அறிவிப்புகளில் அயராத செயலாளர் டேனியல் அவர்களே, இந்த மராட்டிய மண்ணில் தாபோடியிலும் கராடியிலும் சாகணிலும் தமிழை வீட்டுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை இந்தியில் அதட்டிவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் சிரிக்கும் தாய்மார்களே, "சுருக்கமா பேசுங்க" என்று முன்வரிசையிலிருந்து கண்ணாலேயே ஆணையிடும் என் இல்லத்தரசி பவுன் அவர்களே, ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்ற பரமசிவத்தின் பணிவான வணக்கம்.

என்ன, பின்னாலிருந்து ஒரு குரல்? "அண்ணே, உக்காந்தே பேசுங்க." வேண்டாம் தம்பி. இரண்டு வருடம் உட்கார்ந்தே கிடந்தவன். புது இடுப்பு வந்திருக்கிறது, கொஞ்சம் நிற்க விடுங்கள்.

"மனவலிமையால் எழுந்து நின்ற மாமனிதர்" என்று சற்றுமுன் பொன்னாடை போர்த்தினீர்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் என்னை நிறுத்தியது மனவலிமையா?

கடந்த ஜனவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, இதே மேடையில் பொங்கல் விழா. நாற்காலியில் அமர்ந்தபடி முழங்கினேன்: "தமிழனுக்கு ஒன்றென்றால் என் கடைசிச் சொட்டு ரத்தத்தையும் தருவேன்." கைதட்டினீர்கள். மறுபடி சொன்னேன். எழுந்து நின்று தட்டினீர்கள். அன்று என் ரத்தத்தின் நிலவரம் தெரியுமா? பதின்மூன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டரை. தருவதாகச் சொன்ன கடைசிச் சொட்டு ஏற்கெனவே நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு இருப்பது முடக்குவாதம். வயதின் தேய்மானம் அல்ல. உடம்பே தன் மூட்டைப் பகைவனென்று எண்ணிப் படையெடுக்கிற நோய். டாக்டர் வைஷாலி இந்தியில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "பெரியவரே, உங்கள் மூட்டுச் சவ்வு வீங்கி ரத்தம் ஊறிக் கிடக்கிறது. வெட்டினால் மற்றவர்களைவிட அதிகம் போகலாம். உடம்பிலும் ரத்தம் குறைவு." நரம்பு வழியே இரும்புச்சத்து ஏற்றினார், ஹீமோகுளோபின் பத்தைத் தொட்டதும் இடுப்பு மாற்று அறுவைக்குத் தேதி குறித்தார். "எதற்கும் ரத்தம் கொடுக்க இரண்டு பேரை அனுப்புங்கள்" என்றார்.

இரண்டு பேரா? எனக்குச் சிரிப்பு வந்தது. "டாக்டரம்மா, என் பின்னால் சங்கத்துக்காரர்கள் அறுநூறு பேர் நிற்கிறார்கள்" என்றேன்.

நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். ஆகா, என்ன வேகம், என்ன வெள்ளம்! நூற்று நாற்பது கும்பிடு, முப்பது பூங்கொத்து. ஒருவர் கந்தனை வேண்டினார், ஒருவர் கர்த்தரிடம் மன்றாடினார். கராடித் தம்பி நிர்மல், "அண்ணா, ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. ஆனா மனசு உங்ககூடத்தான்" என்றார். மனசை எந்தப் பாட்டிலில் பிடிப்பது? ஆள் மட்டும் வரவில்லை.

நெளியாதீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. நாற்பது வருடம் மைக்கைப் பிடித்த இந்தக் கை, ரத்தம் கொடுக்க ஒரு முறைகூடச் சட்டையை மடித்ததில்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி அறுவை சிகிச்சை. கசிவைக் குறைக்க மருந்து கொடுத்தும் ரத்தம் போனது. மறுநாள் காலை ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே. பவுனின் கையைப் பிடித்துக்கொண்டு பயந்தேன் ஐயா, வெட்கமில்லாமல் பயந்தேன். நர்ஸ் ரீனா ரத்தவங்கியின் கையிருப்பிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்தாள். ஏற்றுமுன் சீட்டை உரக்கப் படித்தாள்: என் பெயர், ரத்தப் பிரிவு, பையின் எண், ரத்தம் எடுத்த தேதி.

ஜனவரி பதினெட்டு.

"இன்னொரு தடவை படிம்மா" என்றேன். படித்தாள். அதே தேதிதான்.

நான் இங்கே கடைசிச் சொட்டென்று கர்ஜித்த அதே நாளில், எங்கோ யாரோ ஒருவர் எதுவும் பேசாமல் படுத்துக் கையை நீட்டியிருக்கிறார். யார் அவர்? தமிழரா, மராட்டியரா? எந்தச் சாதி, எந்தச் சாமி? சீட்டில் எழுதவில்லை. அவருக்குக் கைதட்டியது யார்? ஒரு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அந்த ரத்தத்தில்தான் நான் நிற்கிறேன், இந்தப் பொன்னாடையில் அல்ல.

மூன்றாவது வரிசையில் ஊன்றுகோலோடு அமர்ந்திருக்கிறாள் அமலா. முப்பத்தொரு வயது. எனக்கு வந்த நோயேதான். வரும் வியாழக்கிழமை அவளுக்கு இடுப்பு மாற்றுகிறார்கள். இங்கே சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க அங்கிள். ஆனா யாரையும் கைதட்ட மட்டும் விட்றாதீங்க" என்றாள்.

ஆகவே தட்டாதீர்கள். வாசலில் ரத்தவங்கி வண்டி நிற்கிறது. சாப்பாட்டுப் பந்தியை அதற்கு அப்பால் போடச் சொல்லியிருக்கிறேன். கடைசிச் சொட்டு யாருக்கும் வேண்டாம்; முதல் பாட்டில் போதும். என் ரத்தத்தை எடுக்க மாட்டோமென்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அதோ பாருங்கள், நான் பேசி முடிக்குமுன்னே பவுன் எழுந்து வாசலுக்குப் போகிறாள். ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிறவள். என் மேடைப்பேச்சு எதையும் இதுவரை நம்பாதவள்.

இதுவரை பொறுத்துக் கேட்டவர்களுக்கு என் வணக்கம். நன்றியை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறேன். வண்டியிலிருந்து இறங்குகிறவர்களிடம், ஒவ்வொருவராக, நின்றுகொண்டே சொல்வேன்.