செயினுக்கு எண்ணெய்

வெள்ளம் வடிந்த மறுநாள், கல்முனைக் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

“வீட்ட வந்த என்ட மனிசன் சோறு கேக்கல்ல, ராத்தா. எண்ணெய்ப் போத்தலக் கேட்டார்,” என்றாள் இளையவள், மூத்தவளிடம்.

“எண்ணெய் என்னத்துக்கு?”

“சைக்கிள் செயினுக்கு! சம்மாந்துறைக்கு வேலைக்கு சைக்கிள்லதான் போவார், பஸ் ஏறவே மாட்டார். முந்தநாள் போனவர் வரவே இல்ல. வெள்ளத்துல மௌத்தாப் போயிட்டாரெண்டே நெனச்சிட்டன். நேத்து விடிய, நெஞ்சளவு தண்ணிக்குள்ளால சைக்கிளத் தோளில தூக்கிக்கிட்டு வாறார்.”

“அல்ஹம்துலில்லாஹ்! நீ ஏசலியா?”

“ஏசத்தான் வாயெடுத்தன், ராத்தா. பாத்தா, விரல் விறைச்சுப் போய் போத்தலத் திறக்க ஏலாம நிக்கிறார். நானே திறந்து குடுத்திட்டு, பக்கத்துல குந்தி, அழுது அழுது சக்கரத்தத் துடைச்சன்.”