நாலாவது பந்து

ஆமோஸ் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவார். பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி, ஆறிப்போன தேநீர், பிறகு பூட்ஸ். மனைவி கெசியா கதவைத் திறந்துவிடுவாள். ஆளில்லாத சுண்ணாம்புக்கல் சாலையில் தனியாக நடந்து மைதானத்துக்குப் போவார். செம்மறிகளை விரட்டிவிட்டு, ஆடுகளத்தில் உருளையை உருட்டுவார்.

என் நண்பன் நெட்டுக்கு அவர் பெரியப்பா. நெட் இந்தக் கதையைப் பகலில்கூடச் சொல்லத் தயங்குவான்.

இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் அணிக்குப் பதினோரு வருஷம் வேகப்பந்து வீசியவர். அப்போதெல்லாம் ஓவருக்கு நாலு பந்து. கை தோளுக்கு மேல் போகக்கூடாது. போனால் அந்தப் பந்து செல்லாது, திரும்பப் போட வேண்டும். ஆமோஸின் கை ஒருமுறைகூட மேலே போனதில்லை.

கென்ட் அணியிலிருந்து பாஸ்க் என்று ஒரு பையன் வந்தான். முந்தைய ஆட்டத்தில் அவரைத் துவைத்து எடுத்தவன். மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்ன பெருசு, உன் பந்தை எங்க வீட்டுப் பசுமாடே அடிக்கும் போலிருக்கே?"

ஆமோஸும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் விடியலில் புல்லைக் கீறி, கூரான கல் ஒன்றை அடியில் செருகி, மேலே உருளையை உருட்டினார்.

அன்று ஆட்டத்தில் பாஸ்க்குக்கு அவர் வீசிய ஓவரின் மூன்றாவது பந்து அந்தக் கல்லில் பட்டு எழும்பியது. பாஸ்க்கின் நெற்றிப்பொட்டில்... முட்டை ஓடு உடைகிற சத்தம். அவ்வளவுதான்.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நடுவர் ஜோப், கெசியாவின் அப்பா. அவர் கல்லைப் பார்த்துவிட்டார். குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "ஓவர்" என்றார். ஒரு பந்து மிச்சமிருந்தது. யாரும் கேட்கவில்லை.

பாஸ்க் மறுநாள் செத்தான். ஜூலையில் ஜோப் தூக்கத்திலேயே போனார். வலது கை எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. பிரிக்க முடியாமல் அப்படியே புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஆமோஸ் பந்துவீச ஓடினாலே கேட்கும். டொக்... டொக்... மட்டையால் தரையைத் தட்டுகிற சத்தம். எதிரில் நிற்பவனின் மட்டை அசையாமல்தான் இருக்கும். மட்டைக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெயின் வாடை மூக்கில் ஏறும். பந்து எங்கோ போகும். ஆகஸ்ட் வரை ஒரு விக்கெட் விழவில்லை.

"சனிக்கிழமைதான் கடைசி, ஆமோஸ்," என்றார் கமிட்டிக்காரர். "அதுலயும் விக்கெட் விழலைன்னா வாசல்ல நின்னு டிக்கெட் குடு."

அன்று இரவு கெசியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கல்லைப் பற்றியும். அவள் எழுந்து விளக்கின் திரியை வெட்டிச் சரிசெய்தாள்.

"அவனுக்கு ஒரு பந்து பாக்கி," என்றாள். "போட்டு முடிச்சிடு. அப்பா இடத்துல நான் நிக்கறேன்."

சனிக்கிழமை விடியல். மைதானத்தில் பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. கெசியா கையில் விளக்கோடு, நடுவர் நிற்கிற இடத்தில் நின்றாள். எதிர்முனையில் மட்டை பிடிக்க யாரையும் நிறுத்தவில்லை. செம்மறிகள்கூடப் பக்கத்தில் வரவில்லை.

எண்ணெய் வாடை வந்தது.

டொக்... டொக்...

ஆமோஸ் ஓடினார். கண்ணை மூடிக்கொண்டு வீசினார். பனிக்குள் பந்து மட்டையின் நடுவில் பட்டது. அவ்வளவு சுத்தமான அடி. அவர் காதை உரசிக்கொண்டு பந்து திரும்பிப் போனது.

பின்னால்... முட்டை ஓடு உடைகிற சத்தம். விளக்கு புல்லில் உருண்டது.

கெசியாவின் நெற்றிப்பொட்டில் பந்தின் தையல் வரிவரியாகப் பதிந்திருந்தது. தட்டுகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது. அவர் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"முடிஞ்சிடுச்சு, கெசியா. எல்லாம் முடிஞ்சிடுச்சு."

சாகும்போது அவரை மன்னித்துவிட்டுப் போனாள் என்று ஊரில் சொல்வார்கள். அவள் சொன்னது அது இல்லை.

"கை தோளுக்கு மேல போயிடுச்சு, ஆமோஸ். இது செல்லாது. இன்னொன்னு போடணும்."