மூணு புள்ளி ஏழு கிலோவாட்டு

— அதாம்மா சூர்யகலா, மோட்டார் தகட்டுல மூணு புள்ளி ஏழு கிலோவாட்டுன்னு போட்டிருக்குது. எச்பியில எவ்ளோ வரும்?

— செஞ்சி பக்கத்து அஜிதநாதன் ஐயா தான? நேத்தும் இதையே தான கேட்டீங்க.

— கேட்டேன். மறந்து மறந்து போவுது.

— இருங்க, கால்குலேட்டர எடுத்துக்கினு வர்றேன். மோட்டார் வாங்காதவங்ககிட்ட போன்ல எதுக்குப் பேச்சுன்னு மொதலாளி கத்துவாரு. நல்லவேள, கிளியனூருக்கு லோடு எறக்கப் போயிருக்காரு. லைன்ல இருக்கீங்களா ஐயா?

— எங்க போவப் போறேன். திண்டிவனத்துல மழையா?

— தூறுதுங்க. கடையில ஈ காக்கா இல்ல. சாப்ட்டீங்களா?

— பொழுதோட முடிச்சாச்சு. நாங்க ஜைனருங்க, இருட்டனப்புறம் வாயில ஒண்ணும் வைக்க மாட்டோம். அப்பறம் அடுப்படியில கூட வேல கெடையாது. ராத்திரி தான் நீளமா கெடக்குது.

— பெங்களூர்லேர்ந்து பொண்ணு பேசலியா?

— சுப்ரியாவா? ஞாயித்துக்கெழம பேசும். அதுக்கும் ஆயிரம் பேஜாரு, பாவம்.

— எனக்கும் கடைய சாத்தினா ஹாஸ்டல் செவுரு தான் தொண. சரி, மோட்டாரு எந்தக் கெணத்துக்குங்க?

— கெணறா? நெலத்தத் தான் குத்தகைக்கு உட்டாச்சே. அவன் மல்லாட்ட பயிரு போட்டிருக்கான். மோட்டாரும் அவனுது தான்.

— அப்ப எச்பி எதுக்குங்க உங்களுக்கு?

— சும்மா தெரிஞ்சிக்கினா ஆவாதா? நீ கணக்கச் சொல்லு.

— ஒரு எச்பிக்கு எழுநூத்தி நாப்பத்தாறு வாட்டு. மூவாயிரத்தி எழுநூற அதால வகுத்தா, அஞ்சுக்குக் கொஞ்சம் கொறையுது.

— தப்பு.

— எது தப்பு?

— அது வெள்ளக்காரன் எச்பி. மெட்ரிக்ல எழுநூத்தி முப்பத்தஞ்சர தான். அஞ்சத் தாண்டிக் கொஞ்சம் வரும், போட்டுப் பாரு.

— கணக்கு தெரியாதுன்னு தான தெனம் கேட்டீங்க?

— கரண்ட் ஆபீஸ்ல இருந்தவம்மா நானு. ஊரூரா கெணத்து மேட்டுல நின்னு எச்பி பாத்தவன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

— அப்பறம் எதுக்குய்யா போனு?

— வேற என்னத்தச் சொல்லிக் கூப்புடுவேன்? ஊட்ல யாருமில்ல, ரெண்டு வார்த்த பேசும்மான்னு மோட்டார் கடையில கேக்க முடியுமா?

— இதுக்குத் தான் இத்தன நாளா எச்பியா?

— கோச்சிக்காத. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். நேத்து எழுநூத்தி முப்பத்தஞ்சரன்னு சரியா சொன்னியே, இன்னிக்கி ஏம்மா தப்பா சொன்ன?

— நேத்து சரியா சொன்னதும் ஜல்தியா போன வச்சிட்டீங்களேய்யா.