அம்மை பார்த்த முகம்

நல்ல வேளை, கஞ்சிக்குக் கேழ்வரகு அரைத்து வைத்திருக்கிறோம் என்றுதான் முதலில் நினைத்தேன். நேற்று இவரோடு ஒரே போர்வையில் படுத்தேனா என்பது அடுத்த நினைப்பு.

காய்ச்சலில் கிடந்த என் கணவர் முதுகு எரிகிறது என்று குப்புறப் படுத்திருந்தார். விளக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. தட்டியின் இடுக்கு வழியாக வந்த வெயிலிலேயே தெரிந்தது. தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் முத்து போட்டிருந்தது.

பயந்தேன். பயப்படுவதை யாரும் குற்றம் என்று சொல்ல மாட்டீர்கள். குடியாத்தத்தில் நான் சிறுமியாக இருந்தபோது என் சின்னம்மா தன் புருஷனுக்கு அம்மை வார்த்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். அவர் பிழைத்தார். அவளுக்குக் கண் இரண்டும் போய்விட்டன. பிறகு அவர் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டார், வீட்டில் சமைக்க ஆள் வேண்டும் என்று. சின்னம்மா அந்தப் புதியவளுக்கு உரலடியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுப்பாள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

எங்கள் வீடு நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துப் பக்கத்தில் கூலிக்காரர் லைனில் இருந்தது. வீடு என்றால் மூங்கில் தட்டி, மேலே தகரம். நடுவில் ஒரு தட்டி வைத்து, இந்தப் பக்கம் நானும் என் கணவர் முனிரத்தினமும், அந்தப் பக்கம் அவர் தம்பி வேலுவும் வேலுவின் மனைவி கன்னியம்மாவும் இருந்தோம். அண்ணனும் தம்பியும் ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டில், சுரங்கத்துக்குள் இறங்குவார்கள், ஒரே கேஜில் ஏறுவார்கள். மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த மறுவருஷம் அது.

முத்து போட்ட செய்தி தெரிந்ததும் லைனில் இதற்கெல்லாம் முன்னால் நிற்கும் தாயம்மா வந்து வாசலில் வேப்பிலை செருகினாள். நாலைந்து பெண்களும் வந்து தள்ளி நின்றார்கள்.

"இந்தா பாரு பார்வதி, முத்து போட்ட வீட்டுல கை மாறக் கூடாது. இன்னிக்கு யாரு தொட்டுப் பாக்கறாங்களோ, தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் அவங்கதான் பாக்கணும்" என்றாள் தாயம்மா. "நீ பொஞ்சாதி. குளிச்சிட்டு உள்ள போ."

"நான் விலக்கா கீறேன், அத்தை" என்றேன்.

நான் விலக்காக இல்லை. ஆனால் அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. தீட்டோடு அம்மன் கிட்டே போகக் கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப யாரு?" என்றாள் தாயம்மா.

நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். "ஏன், இவ முகத்தைப் பாருங்களேன். சின்ன வயசுலயே அம்மா வந்து வெளையாடிட்டுப் போன முகம். ஒருத்தர்கிட்ட அவ ரெண்டு தரம் வருவாளா?"

"அதானே" என்றாள் ஒருத்தி. "இவ மூஞ்சில சல்லடையே போட்டுட்டுப் போயிருக்கா. இனிமே அம்மாவே வந்தாலும் உக்கார எடம் கெடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். கன்னியம்மாவும் சிரித்தாள். தன் முகத்தைப் பற்றி யார் கேலி செய்தாலும் கூடவே சிரிப்பது அவளுக்குப் பழக்கம். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில், நான் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது அவளே சொல்லியிருந்தாள். அவள் முகத்தில் இருந்தவை அம்மைத் தழும்புகள் இல்லை. அவள் அப்பா நாகப்பன் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைப்பவர். ஏரியில் மீன் அடிக்கலாம் என்று ஒருமுறை ஒரு வெடி கேப்பை மடியில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். விரல் நீளத்துக்குச் செம்புக் குழாய். குழந்தை அதை விளையாட்டுச் சாமான் என்று எடுத்து அடுப்பில் போட்டிருக்கிறது. கண் தப்பியது தெய்வச் செயல். செம்புத் துணுக்குகள் முகமெல்லாம் குத்தின. சுண்டுவிரல் நுனி போயிற்று. கேப் திருடியவன் என்று தெரிந்தால் வேலையும் போகும், ஜெயிலும் உண்டு. ஆகையால் குழந்தைக்கு அம்மை வார்த்திருக்கிறது என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகி, புண் ஆறும்வரை யாரையும் உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள். விரல் மாவாட்டும்போது நசுங்கியது என்றார்கள். பெண் பார்க்க வந்த எங்களிடமும் அதையே சொன்னார்கள். வேலுவுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

பெண்கள் கலைந்ததும் கன்னியம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமில்ல. எனக்கு அம்மா வந்ததே இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்" என்றேன். "அப்ப மூஞ்சி எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. உங்கப்பன் இன்னும் வெடி வேலையிலதானே கீறாரு?"

நான் மிரட்டவில்லை. அவள் அவசரத்தில் மறந்திருந்ததை ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான். முந்தானையை விட்டுவிட்டாள். குளித்துவிட்டு உள்ளே போனாள்.

வேலுவும் நானும் படுக்கும் இடத்தை மாற்றினோம். வேலு கூட்டாளி ஒருவன் வீட்டில் படுத்துக்கொண்டான். நான் தட்டிக்கு அந்தப் பக்கம் போனேன். நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சமையலை வெளியே காற்று வரும் திசையில் வைத்துக்கொண்டேன். கன்னியம்மா ஒரு மண்சட்டியைத் தட்டிக்கு அடியில் தள்ளுவாள். என் பாத்திரம் அதில் படாமல் உயரத்திலிருந்து கூழை ஊற்றுவேன். அவள் துணிகளை நான் தொட்டதில்லை. வேளைக்கு வேளை மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரில் கைகால் கழுவினேன். ஒரு நாள் அவள் இருமினாள். அன்றைக்குச் சட்டியைக் கொஞ்சம் தூரத்தில் வைக்கச் சொன்னேன்.

அவள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். தட்டிக்கு அப்பாலிருந்து பேசிக்கொண்டே இருப்பாள்.

"அக்கா, மாமா இன்னா கேக்கறாரு தெரியுமா? ஷிப்ட் மணி அடிச்சிச்சா, கேஜ் போயிடிச்சாங்கறாரு. மேஸ்திரிய வாய்க்கு வந்தபடி திட்டறாரு. அந்தாளு கேட்டா வேலையே போயிடும்."

"திட்டட்டும். நீ கிட்டப் போய்க் குனியாதே."

"குனியாம எப்படிக்கா வேப்பிலையால தடவறது? முதுகெல்லாம் பாயோட ஒட்டிக்கிச்சு. பாவம், கொழந்தை மாதிரி அழறாரு."

அழுவார் என்று எனக்குத் தெரியாது. என் எதிரில் அவர் அழுததில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பொறாமை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பொறாமைக்காக யாரும் கண்ணைக் கொடுக்க மாட்டார்கள்.

முத்து இறங்கியது. தாயம்மா வந்து அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் அவருக்குக் கண் இருந்தது, கை கால் இருந்தன. நான் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். பொங்கல் கிண்டும்போதே கன்னியம்மா தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டாள்.

அவளுக்கு முத்து மிகவும் நெருக்கமாகப் போட்டது. பழைய தழும்பு எது, புதியது எது என்று தெரியாத அளவுக்கு. இந்த முறை வேப்பிலை செருக தாயம்மா வரவில்லை. தெருவில் நின்றபடியே சொன்னாள்.

"அம்மா ரெண்டாந்தரம் வந்ததா நான் கேள்விப்பட்டதே இல்ல. உள்ள ஏதோ தப்பு நடந்திருக்கணும். சும்மா வருவாளா அவ?"

உள்ளே என்றால் எங்கே, யாரோடு என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த அறையில் இருந்தது இரண்டே பேர். வேலு அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு கூட்டாளி வீட்டுக்கே போய்விட்டான். போகும்போது அண்ணனைப் பார்த்து, "அவள மகளா நெனச்சேன்னு சொல்லாத, சிரிப்பு வரும்" என்றான்.

எழுந்து நிற்கவே தெம்பில்லாத மனிதரைப் பற்றி அப்படி நினைப்பது அபத்தம். எனக்குத் தெரியும். அம்மா முதல் தரம்தான் வந்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், தெரிந்தும் ஏன் அவளை அனுப்பினாய் என்று அடுத்த கேள்வி வரும்.

என் கணவர் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "நீயாவது என்னை நம்பறியா, பார்வதி?" என்று கேட்டார். "நம்பறேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என் கையை அப்படிப் பிடித்ததில்லை. தம்பியும் ஊரும் கைவிட்ட மனிதருக்கு நான் ஒருத்திதான் மிச்சம் இருந்தேன்.

மாரிகுப்பத்திலிருந்து நாகப்பன் வந்தார். அவருக்கு நிஜமாகவே அம்மை வந்து போயிருந்தது. மகளோடு உள்ளேயே இருந்துவிட்டார். என்னிடம் கூழ் மட்டும் கேட்டார், அதே போல ஊற்றினேன். கன்னியம்மாவுக்குத் தொண்டை அடைத்துப் பேச்சு குழறிவிட்டது. இருந்தும் அக்கா, அக்கா என்று கூப்பிடுவது தட்டி வழியாகக் கேட்கும். வந்துகொண்டிருக்கிறேன் என்பேன். அதைக் கேட்டதும் அடங்கிவிடுவாள். அந்த அளவுக்கு என் வார்த்தையில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது என்பது எனக்கு ஆறுதல்தான்.

அவள் போனபோது தூக்க நாலு பேர் சேரவில்லை. நாகப்பனும் கூட வேலை செய்த ஒருவரும் பாயோடு சுற்றி எடுத்துப் போனார்கள். வேலு மண் போட வரவில்லை. பால் தெளிக்கவும் வரவில்லை. கெட்டவளுக்குச் சடங்கு எதற்கு என்று சொன்னானாம்.

சில நாள் கழித்து நாகப்பன் வந்தார். நான் வெளியே அடுப்பருகில் இருந்தேன். உட்காரச் சொன்னேன், கொஞ்சம் தள்ளி.

"வேலைய விட்டுட்டேன், தாயி" என்றார். "நேரா மேஸ்திரிகிட்டப் போனேன். அன்னிக்குக் கேப் எடுத்தவன் நான்தான்னு சொல்லிட்டேன். ஜெயில்ல போட்டாலும் போடட்டும். மருமகன்கிட்டயும் சொன்னேன். பொண்ணு பேரைக் காப்பாத்த நான் பொய் சொல்லறதாச் சொல்லறான். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. அவ உங்கிட்ட அப்பவே சொன்னான்னு சொல்லு, போதும். எம்பொண்ணு அதை நம்பியேதான் போனா. அக்காவுக்குத் தெரியும்பா, அக்கா சொல்லுவாங்கன்னா."

கிழவருடைய வேலைக்காகத்தான் நான் இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை. அதை அவரே கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. உள்ளே என் கணவர் விழித்துக்கொண்டு, யார் வந்திருப்பது என்று கேட்டார். இப்போதெல்லாம் நான் கொஞ்ச நேரம் கண்ணில் படாவிட்டால் கூப்பிடுகிறார். இதோ வருகிறேன் என்று குரல் கொடுத்தேன்.

செத்தவளுக்கு இனி எந்தப் பேரானால் என்ன? உயிரோடு இருப்பவர்களைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"காய்ச்சல்ல எதையாவது சொல்லியிருக்கும், மாமா" என்றேன். "எங்கிட்ட அவ ஒண்ணும் சொன்னதில்ல. நான் வரலீங்க."