வெள்ளைப் படலத்துக்குக் கீழே ஒரு விரல்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, தாயை இழந்து நிற்கும் தெய்முராஸ் அவர்களே, கல்லறையிலிருந்து நேராக இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குப் புகழ்ந்து பேச வராது. நாம் கல்பதோனோ லமாரா என்று மரியாதையோடு அழைத்த டாக்டர் லமாரா கிர்வாலிட்ஸேவுக்கோ புகழ்ச்சி பிடிக்காது. ஆகவே நன்றி மட்டும் சொல்கிறேன்.

பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸை மருந்தாக்குவது நம் தொழில். வயிற்றுப்போக்குக்கு அந்தச் சொட்டு மருந்தைக் குடித்து வளராத பிள்ளை திபிலீசியில் உண்டா? ஆனால் குடிப்பது வேறு, இரத்தத்தில் ஏற்றுவது வேறு. வெடித்துச் செத்த பாக்டீரியாவின் தோல் துணுக்குகளும் அதே நீரில் மிதக்கும். அவை நஞ்சு. வைரஸ் வேண்டும், நஞ்சு வேண்டாம். எப்படிப் பிரிப்பது?

ஸெஸ்தபோனியிலிருந்து நோதார் என்ற பேருந்து ஓட்டுநர் வந்தார். இடது கால் எலும்பில் சீழ். எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. ஈஸ்டர்வரை பார்ப்போம், அதற்குமேல் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவோம் என்றார்கள் மருத்துவர்கள்.

லமாரா, வைரஸ் கலந்த நீரில் எண்ணெய்ப் பசையுள்ள ஒரு திரவத்தை ஊற்றிக் குலுக்கி நிற்க வைப்பார். நஞ்சுக்குக் கொழுப்பு வால் உண்டு; அது எண்ணெயைத் தேடி மேலே போகும். வைரஸின் மேற்பரப்பு நீரை விரும்பும். அது கீழே தங்கும். நடுவில் பாலாடை போல ஒரு வெள்ளைப் படலம். பாத்திரத்தின் அடியிலுள்ள குழாயைத் திறந்து நீரை மட்டும் எடுக்க வேண்டும். அவ்வளவுதான்! ஆனால் சோதித்துப் பார்த்த முயலுக்கு ஒவ்வொரு முறையும் காய்ச்சல் வந்தது.

இதோ முன்வரிசையில் இருக்கும் இங்காவிடம் லமாரா கேட்டார்:

“எப்பம்மா குழாய மூடினே?”

“படலம் குழாய் வாய்க்கு வர்ற வரைக்கும் விட்டேன், கல்பதோனோ லமாரா. ஒரு சொட்டு வீணாகல.”

“அதான் வினையே! படலத்தோட அடிவயிறு பூரா நஞ்சு. ஒரு விரல் தண்ணி மிச்சம் இருக்கறப்பவே மூடும்மா.”

“அதுல எவ்வளவு வைரஸ் இருக்கு! கையுறையத் துவைச்சுக் காயப்போடுற நீங்களா இதச் சொல்றீங்க?”

“கையுறை என்னோடது. கால் அந்தாளோடது.”

நண்பர்களே, ரொட்டிக்கும் விளக்குக்கும் ஏங்கிய அந்தப் பஞ்ச ஆண்டுகள் வளர்த்த பிள்ளைகள் நாம். தட்டில் மிச்சம் வைக்கக் கை வராது. எல்லோரையும்விடக் கெட்டியாகப் பிடித்துவைக்கும் லமாராவின் கைதான் அன்று அந்த நீரைக் கொட்டியது! தேறிய மருந்து ஒரே ஆளுக்கு, ஒரே முறைக்கு. தவறினால் ஈஸ்டருக்குள் இன்னொரு முறை வைரஸை வளர்த்தெடுக்க முடியாது. அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கொட்டினார்.

அந்த மருந்தை முயலுக்குப் போட்டுப் பார்த்த மறுநாள், நோதார் கட்டிலிலிருந்தே கேட்டார்:

“என்னங்க டாக்டர், முயலண்ணன் எப்படி இருக்காரு?”

“உன்னவிட நல்லா சாப்பிடுறாரு. கைய நீட்டு.”

கால் பிழைத்தது. நம் வைரஸாலா? எலும்பைச் சுரண்டிச் சுத்தம் செய்த அறுவை மருத்துவரின் கத்தியாலா? நான் அன்றே கேட்டேன். “தெரியலம்மா. ஒருத்தர வச்சு எப்படிச் சொல்றது?” என்றார் லமாரா. கொண்டாட வேண்டிய நாளில் “தெரியல” என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? எதையும் எளிதில் நம்பாத என்னை, அவருக்குக் கீழே இத்தனை ஆண்டுகள் வேலை செய்ய வைத்தது அந்த ஒரு சொல்தான். அதற்காக நன்றி, கல்பதோனோ லமாரா!

அந்தத் “தெரியல”வைத் தீர்ப்பதே இனி நம் வேலை. ஒருவருக்கு அல்ல, பலருக்குத் தருவோம். தூய்மையாகத் தருவோம். பலித்ததையும் சொல்வோம், பலிக்காததையும் சொல்வோம். இது அவர் பெயரால் நான் தரும் வாக்கு.

இன்னும் ஒன்று. கல்லறையிலிருந்து நம்மை இங்கே அழைத்து வந்த பேருந்து வாசலில் நிற்கிறது. ஏற்றத்தில் அது ஒருமுறைகூடக் குலுங்கவில்லையே, கவனித்தீர்களா? ஓட்டியவர் நோதார். கிளட்சை மிதித்தது அந்த இடது கால்.